மூன்றரை வயது மகளுக்குத் தனி அறை, குடும்பச் சுற்றுலா: இரண்டும் ஒரே விடுமுறையில், எதை முதலில் செய்வது?

மகிழ்_அப்பா

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு மூன்றரை வயது. இதுவரை எங்களோடுதான் படுக்கிறாள். வரும் நீண்ட விடுமுறைக்கு இரண்டு வேலை வைத்திருக்கிறோம். சாமான் போட்டு வைத்திருக்கும் சின்ன அறையைக் காலி செய்து அவளுக்குப் படுக்கையறை ஆக்குவது ஒன்று. குடும்பமாக வெளியூர் போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வருவது இன்னொன்று. கையிருப்பு இரண்டுக்கும் தாராளமாக இல்லை. ஒன்றில் கூட்டினால் மற்றதில் குறைத்தாக வேண்டும்.

ஒரு சுவர் முழுக்கக் காடு வரைய வேண்டும் என்பது மனைவியின் ஆசை. யானை, குரங்கு, மரவீடு எல்லாம் வர வேண்டுமாம். என் அம்மாவோ, "இந்த வயசுல கூட்டிட்டுப் போனா குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகுது? அந்தப் பணத்தையும் அறையிலேயே போடுங்க" என்கிறார். எனக்கு ஒரு யோசனை. நாங்கள் வீட்டில் இல்லாத நாட்களில் பெயிண்ட் வேலையை முடிக்கச் சொல்லிவிட்டு, திரும்பி வந்ததும் அவள் கண்ணைப் பொத்திக் கூட்டிப்போய்க் காட்டலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தச்சுப்பட்டறை

குழந்தைகள் அறை வேலைதான் நான் அதிகம் எடுத்துச் செய்யறது சகோ. காட்டைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல செலவு பண்ண வேண்டியது யார் கண்ணுக்கும் தெரியாத ஒண்ணுக்கு: அலமாரியையும் டிராயர் பெட்டியையும் சுவரோட பிடிக்கிற எல் கிளாம்ப்.

மூணு வயசுக் குழந்தை டிராயரை எப்படிப் பார்க்கும்னு கவனிச்சிருக்கீங்களா? கீழ் டிராயரை இழுக்கும், அதுல ஒரு கால் வைக்கும், அடுத்ததை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஏறும். அதுக்கு அது படிக்கட்டு. ரெண்டு மூணு டிராயர் ஒண்ணா திறந்தாலே எடை முழுக்க முன்னாடி வந்துடும். அதுமேல குழந்தையும் தொங்கினா பெட்டி அப்படியே கவிழும். உயரமும் எடையும் குறைவுதானேன்னு எதையும் விட்டுடாதீங்க. செங்கல் சுவர்னா டிரில் போட்டு பிளக் அடிச்சு ஸ்க்ரூ ஏத்தணும். பலகைத் தடுப்புச் சுவர்னா உள்ளே இருக்கிற சட்டத்தைத் தேடிப் பிடிச்சு அதுல ஏத்தணும். வெறும் பலகையில ஏத்தினா இழுத்த இழுப்புல கையோட வந்துடும். கனமான பொருள் எல்லாம் கீழ்த்தட்டு. குழந்தை ஆசைப்படற பொம்மையை மேல்தட்டுல வைக்கவே கூடாது, அதை எடுக்கத்தான் ஏறும்.

கட்டிலோ நாற்காலியோ ஜன்னலை ஒட்டி வேண்டாம். கொசுவலை அடிச்சிருக்குன்னு நிம்மதியா இருக்கறவங்க நிறையப் பேர். அந்த வலை குழந்தை சாய்ஞ்சா தாங்காது. ஜன்னல் 10 செ.மீ.க்கு மேல திறக்காத மாதிரி ஸ்டாப்பர் போடுங்க. மேலே இழுத்து விடற பிளைண்ட்ஸ் இருந்தா அதோட கயிறு கழுத்துல சுத்திக்கும், சத்தமே வராது. கயிறு இல்லாத வகை வாங்குங்க, இல்லைன்னா சாதாரண துணித் திரை போதும்.

இருவர்_அம்மா

தச்சுப்பட்டறை அண்ணா சொன்ன எல்லாம் சரி. ஆனாலும் அந்தக் காட்டுச் சுவருக்காக நான் பேசியே ஆகணும். எங்க வீட்டுல சின்னவன் சுவர்ல ஒரு ஆந்தை இருக்கு. ராத்திரி விளக்கை அணைக்கிறதுக்கு முன்னாடி அந்த ஆந்தைகிட்ட அன்னைக்கு நடந்ததை எல்லாம் ஒப்பிப்பான். எங்ககிட்ட சொல்லாததைக்கூட அதுகிட்டதான் சொல்வான். அறை அழகா இருக்கணும்னு ஆசைப்படறது ஆடம்பரம் இல்லை. அது தனக்குன்னு செஞ்ச இடம்னு குழந்தைக்குப் புரியும். மகிழ் அப்பா, உங்க மனைவி ஆசையைத் தட்டாதீங்க.

வெண்பலகை

மழலையர் வகுப்பில் பாடம் எடுக்கிறேன். மேலே தோழி சொன்ன ஆந்தை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரே ஒரு ஆந்தை என்பதைக் கவனியுங்கள். அதில்தான் விஷயம் இருக்கிறது.

2014-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே மழலையர் குழுவுக்குச் சில பாடங்களைச் சுவர் நிறையப் படங்கள் ஒட்டிய அறையிலும், சில பாடங்களை வெறும் சுவர் கொண்ட அறையிலும் நடத்தினார்கள். அலங்கரித்த அறையில் குழந்தைகளின் கவனம் அதிகம் சிதறியது, கற்றதும் குறைந்தது. வகுப்பறையில் கண்டதை அப்படியே படுக்கையறைக்கு ஏற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் படுத்துக்கொண்டு பார்க்கும் சுவர் அமைதியாக இருப்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். காடு வேண்டுமென்றால் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் வரையுங்கள். உள்ளே நுழையும்போது கண்ணை நிறைக்கும், தூங்கும்போது கண்ணில் படாது.

பொம்மைகளுக்கும் இதே கதைதான். டொலீடோ பல்கலைக்கழகத்தில் 2018-இல் வெளியான ஆய்வு: நடைபழகும் வயதுக் குழந்தைகளுக்கு ஒரு முறை 4 பொம்மைகள், இன்னொரு முறை 16 பொம்மைகள் கொடுத்தார்கள். நான்கே இருந்தபோது ஒவ்வொன்றையும் நீண்ட நேரம் கையில் வைத்து விதவிதமாக விளையாடினார்கள். ஆகவே அறையில் தாழ்வான திறந்த தட்டு ஒன்று போதும். அதில் கொஞ்சம் பொம்மைகள். மீதியை மூடிய பெட்டியில் எடுத்து வைத்து, சலிக்கும்போது மாற்றிக் கொடுங்கள். பழைய பொம்மை புதிதாய்த் திரும்பி வரும்.

புத்தகங்களை முதுகு தெரிய அடுக்காதீர்கள். படிக்கத் தெரியாத குழந்தைக்கு அட்டைப்படம்தான் பெயர். அட்டை முன்னால் தெரிகிற மாதிரி, அவள் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். உடுப்பு மாட்டும் கொக்கியும் அவள் தோள் உயரத்தில் இருக்கட்டும்.

கண்ணைப் பொத்திக் கூட்டிப்போவது பற்றி: வேண்டாம் என்பேன். பெரியவர்களுக்கு அது இன்ப அதிர்ச்சி. ஒரு வாரம் வேற்றிடத்தில் தூங்கி எழுந்த குழந்தை வீடு திரும்பும்போது தேடுவது பழைய இடத்தை. அது காணாமல் போயிருந்தால் அன்றிரவு அழுகைதான். அதுவும் இதுவரை உங்கள் நடுவில் படுத்தவள்.

பயணப்பை

பாட்டி கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா இதே கேள்வி எங்க வீட்டிலயும் ஓடுச்சு.

பெரியவங்களோட முதல் நினைவு பெரும்பாலும் மூணு, மூணரை வயசைச் சுத்தித்தான் இருக்கும். அந்த வகையில பாட்டி சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா எமரி பல்கலைக்கழகத்துல பாட்ரிசியா பாயர் குழுவினர் செஞ்ச ஆய்வைப் பாருங்க. மூணு வயசுல அம்மாவோட சேர்ந்து பேசிப் பதிவு பண்ணின நிகழ்ச்சிகளை, 5 முதல் 7 வயசுல கேட்டப்போ 60 விழுக்காட்டுக்கு மேல ஞாபகம் வச்சிருந்தாங்க. 8, 9 வயசுல அது 40 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிடுச்சு. அப்போ நாலஞ்சு வருஷத்துக்கு அந்தப் பயணம் குழந்தையோட பேச்சுல, விளையாட்டுல, படத்துல எல்லாம் இருக்கத்தான் செய்யுது. இன்னொண்ணும் அதுல தெரிஞ்சது: "அப்புறம் என்ன ஆச்சு, நீ சொல்லு"ன்னு குழந்தை போக்குல பேச விட்ட அம்மாக்களோட பிள்ளைங்க நினைவு பின்னாடி அதிக விவரமா இருந்துச்சு.

அது மட்டுமில்லாம, பயணம் போறது குழந்தை மட்டுமா? வேலை, வீடுன்னு ஓடற நீங்க ரெண்டு பேரும் ஒரு வாரம் முழுசா அவளோட இருக்கப் போறீங்க. அதை நீங்க மறக்க மாட்டீங்கல்ல? அது கணக்குல வராதா?

ஆனா போற விதத்தை மாத்துங்க. ஒரே ஊர், ஒரே தங்குமிடம். தினமும் பெட்டி கட்டி இடம் மாறினா மூணரை வயசு தாங்காது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம், அதுவும் காலையில. மதியம் தூங்கட்டும். சாயங்காலம் சும்மா விடுங்க. நாங்க ஒரு தடவை ஆத்தங்கரைக்குப் போனோம். பக்கத்துல இருந்த கோட்டைதான் பேர்போனது. எங்க பொண்ணு கரையிலேயே உக்காந்து கூழாங்கல்லை சின்னது, நடு, பெரிசுன்னு வரிசை வச்சா. ஒவ்வொண்ணையும் தண்ணியில நனைச்சு, நிறம் மாறுதான்னு பார்த்து, காய விட்டு, மறுபடி நனைச்சா. வெயில் ஏறுற வரைக்கும் அங்கயேதான் இருந்தோம். கோட்டைக்குப் போகவே இல்லை. அந்தப் பயணத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச காலை அதுதான்.

மகிழ்_அப்பா

அனைவருக்கும் நன்றி. பயணப்பை அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சரி, ஒரே இடமா போய்ட்டு வாங்க" என்று இறங்கி வந்துவிட்டார். இன்னும் மூன்று கேள்விகள்.

தச்சுப்பட்டறை அண்ணா, நாங்கள் இல்லாதபோது பெயிண்ட் அடிப்பது சரியா? பழைய சுவர், பல வருடமாக எண்ணெய்ப் பெயிண்ட் மேல் பெயிண்டாக ஏறியிருக்கிறது. அடுத்து, பின்னாளில் இன்னொரு குழந்தை வந்தால் உதவும் என்று இப்போதே பங்க் கட்டில் (மேலும் கீழுமாக இரண்டு படுக்கை உள்ளது) வாங்கலாமா? கடைசியாக, காரில் போனாலே இவளுக்குக் குமட்டும். நீண்ட பயணத்தை எப்படிச் சமாளிப்பது?

தச்சுப்பட்டறை

பழைய எண்ணெய்ப் பெயிண்ட்னு சொன்னதும் உஷாராயிட்டேன். பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார அமைப்பே சொல்லுது, சின்னக் குழந்தைகளுக்குத்தான் பாதிப்பு அதிகம். நனைக்காம உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா அந்தத் தூசி வீடு பூரா படியும். முதல்ல சோதிச்சுப் பாருங்க. ஈயம் இருந்தா பழக்கமுள்ள ஆளை வச்சுத்தான் எடுக்கணும். நனைச்சு நனைச்சுத் தேய்க்கணும், கதவிடுக்கை ஒட்டி மூடணும், முடிஞ்சதும் ஈரத்துணியால துடைக்கணும். அந்த வேலை நடக்கிறப்போ குழந்தை வீட்டுல இல்லாம இருக்கிறதுதான் சரி. அதனால உங்க யோசனையில பாதி ரொம்ப நல்ல யோசனை.

மறுபாதிக்கு வர்றேன். பெயிண்ட் அடிச்சுட்டு வீட்டைப் பூட்டிட்டா நாத்தம் உள்ளேயே நிக்கும். அடிச்ச முதல் சில நாள்லதான் ஆவி அதிகம் வெளியேறும். அப்போ ஜன்னல் திறந்திருக்கணும், காத்து ஓடணும். வீட்டுல ஒருத்தர் இருந்து திறந்து மூடினா பிரச்சினை இல்லை. உங்கம்மா உங்களோட வரலைன்னா அவங்களைக் கேளுங்க, ஆனா ஈயம் தேய்க்கிற நாள்ல அவங்களும் அங்க இருக்க வேண்டாம். உள்சுவருக்கு எனாமல் வேண்டாம். தண்ணி கலந்து அடிக்கிற, காஞ்ச பிறகு ஈரத்துணி போட்டுத் துடைக்கக்கூடிய எமல்ஷன் அடிங்க. வேதி ஆவி குறைவுன்னு டப்பாவுலயே போட்டிருக்கிற வகை கிடைக்குது. புது எம்டிஎஃப் (மர நாரைப் பசை போட்டு அழுத்தின பலகை), பிளைவுட் சாமானும் ஃபார்மால்டிஹைடுங்கிற வேதி ஆவியை விடும். அதையும் முன்னாடியே பிரிச்சு வச்சுக் காத்தாட விடுங்க. வெட்டின ஓரமெல்லாம் பட்டை ஒட்டி மூடியிருக்கான்னு தடவிப் பாருங்க.

பங்க் கட்டில் இப்போ வேண்டவே வேண்டாம். 6 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தையை மேல்தட்டுல படுக்க விடக்கூடாது. காலியா இருந்தாலும் ஏணி இருந்தா ஏறத்தான் செய்வா. பின்னாடி வாங்கினா, மெத்தை போட்ட பிறகும் தடுப்புக் கம்பி மெத்தைக்கு மேல 5 அங்குலமாவது நிக்கணும். தடிமனான மெத்தையைப் போட்டுட்டு தடுப்பு இருக்குன்னு நினைச்சுக்கிறாங்க. மேல் கட்டிலுக்கு நேர் மேல மின்விசிறியும் இருக்கக்கூடாது.

இப்போதைக்குத் தாழ்வான கட்டில், பக்கவாட்டுல கழட்டி மாட்டற தடுப்பு. உருண்டு விழுந்தாலும் அடி படாத உயரம்.

மருந்துப்பெட்டி

செவிலியராக இருக்கிறேன். குமட்டலுக்கு: 2 வயது முதல் 12 வயது வரை பயணக் குமட்டல் அதிகம் வரும், 2 வயதுக்குள் அரிது. உட்காதுக்கு ஓட்டம் தெரிகிறது, கண்ணுக்கு வண்டியின் உட்புறம் மட்டும் தெரிகிறது. அந்த முரண்பாடுதான் காரணம். ஆகவே புத்தகம், கைபேசி கொடுக்காதீர்கள். தூரத்தில் இருப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள், கதை சொல்லுங்கள், பாடுங்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். தூங்கும் நேரத்தைப் பயண நேரமாக அமைத்தால் பாதித் தொல்லை போய்விடும். மாத்திரை என்றால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். குமட்டுகிறது என்பதற்காகக் கார் இருக்கையிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். வண்டியை நிறுத்துங்கள், இறங்கி நடக்க விடுங்கள், பிறகு மறுபடி இருக்கைப் பட்டை போடுங்கள்.

விமானம் என்றால், இறங்கும்போதுதான் காது அடைக்கும். அந்த நேரத்தில் தூங்க விடாமல் ஏதாவது குடிக்கக் கொடுங்கள். விழுங்கும்போது காது திறக்கும்.

தண்ணீர் உள்ள இடம் எதுவானாலும் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூழ்கும் குழந்தை கத்தாது. "நீ பார்த்துக்கிட்டேன்னு நினைச்சேன்" என்று இருவரும் சொல்லும்படி ஆகக்கூடாது. இப்போது யார் பார்ப்பது என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

அறைக்கு ஒன்று. இரவு விளக்கு, பேசும் பொம்மை, ரிமோட் எல்லாவற்றிலும் பட்டன் பேட்டரி இருக்கலாம். ஸ்க்ரூ போட்டு மூடியிருந்தால் மட்டும் வாங்குங்கள். விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி 2 மணி நேரத்திலேயே கடுமையான புண்ணை உண்டாக்கும். சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். விளக்கு மஞ்சள் கலந்த மங்கலான ஒளியாக இருக்கட்டும். வெள்ளை, நீல ஒளி தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பைக் குறைக்கும். 3, 4 வயதுக்கு நாளுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பின் 2019 வழிகாட்டி சொல்கிறது. படுக்கும் நேரமும் எழும் நேரமும் நாள்தோறும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அறையில் டிவி வேண்டாம்.

இருவர்_அம்மா

வெண்பலகை சொன்ன தலைமாட்டுச் சுவர் யோசனையை ஏத்துக்கறேன். கூட ஒண்ணு: முழுக் காட்டையும் ஒரே மூச்சுல வரைஞ்சு முடிக்காதீங்க. மரங்களை மட்டும் வரைஞ்சு வைங்க. மிருகங்களைக் குழந்தை ஒவ்வொண்ணா கேட்கட்டும். பயணத்துல அவ பார்த்த பறவையை வந்ததும் சேர்த்து வரையலாம். நாலு வருஷம் கழிச்சு காடு பிடிக்காம போனாலும் ஒரு சுவருக்குத்தான் வெள்ளை அடிக்கணும். ஒட்டற ஸ்டிக்கர் வேண்டாம், ஓரத்தைப் பிச்சு வாயில போடுவாங்க.

பயணப்பை

இது அருமை! இதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. நெதர்லாந்துல 2010-ல ஜெரோன் நவைன் குழுவினர் 1,530 பேரை வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. விடுமுறைக்குப் போகப் போறவங்க, போறதுக்கு முன்னாடியே மத்தவங்களைவிட மகிழ்ச்சியா இருந்தாங்க. திரும்பி வந்த பிறகு, ரொம்ப நிம்மதியா கழிச்சவங்களைத் தவிர மத்தவங்ககிட்ட பெரிய வித்தியாசம் இல்லை. காத்திருக்கிறதுலயே பாதி சந்தோஷம் இருக்கு. அதைக் குழந்தைக்கும் கொடுங்க. மூணு வயசுக்கு "இன்னும் பத்து நாள்"னா புரியாது. வண்ணக் காகிதத்துல வளையம் வளையமா சங்கிலி செஞ்சு சுவர்ல ஒட்டி விடுங்க. தினமும் படுக்கப் போறப்போ ஒரு வளையத்தைக் கிழிக்கட்டும். சங்கிலி தீர்ந்தா கிளம்பறோம். ஆனா டிக்கெட், தங்குமிடம் எல்லாம் உறுதியான பிறகுதான் ஒட்டணும்.

வெளிநாடுன்னா குழந்தையோட பாஸ்போர்ட் தேதியைப் பாருங்க. பல நாடுகள்ல சின்னவங்களுக்குக் குறைஞ்ச வருஷத்துக்குத்தான் கொடுக்கறாங்க. நுழையற நாட்டுல 6 மாதம் மீதி இருக்கணும்னும் கேட்கலாம். அப்பா, அம்மா ரெண்டுல ஒருத்தர் மட்டும் கூட்டிட்டுப் போனா மத்தவரோட சம்மதக் கடிதம் கையில இருக்கட்டும்.

மகிழ்_அப்பா

வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டோம். ஒரே ஊரில் ஒரு வாரம், வாடகை வீடு, ரயில் பயணம். சுவரைச் சோதிக்க ஆள் வருகிறார். தேய்ப்பதும் பெயிண்டும் நாங்கள் இல்லாதபோது. தேய்க்கும் நாட்களில் அம்மா தங்கை வீட்டில் இருப்பார், பெயிண்ட் அடிக்கத் தொடங்கியதும் வந்து ஜன்னலைத் திறந்து மூடுவார். கிளம்புவதற்கு முன்பே மகளிடம் சொல்லிவிட்டோம். நிறத்தையும் அவளிடமே கேட்டோம். நாங்கள் காட்டிய மூன்று பச்சைகளில் மிக வெளிறியதைத் தொட்டாள். மனைவி மரங்களைத் திரும்பி வந்த பிறகு தானே வரையப் போகிறாள். கண்ணைப் பொத்துவது ரத்து.

ஒரே ஒரு சந்தேகம். திரும்பி வந்த அன்றே புது அறையில் படுக்க வைக்கலாமா?

வெண்பலகை

அவசரப்படாதீர்கள். வந்த முதல் சில இரவுகள் வழக்கம்போல உங்களோடு படுக்கட்டும். பகலில் அந்த அறையில் விளையாடட்டும், மதியம் அங்கே தூங்கிப் பார்க்கட்டும். பழைய போர்வை, தலையணையைப் புதிதாக மாற்றாதீர்கள், துவைக்கக்கூட அந்த வாரம் வேண்டாம். இரவு மாறும்போது, தூங்கும்வரை யாராவது தரையில் பக்கத்தில் உட்காருங்கள். நள்ளிரவில் எழுந்து உங்களிடம் ஓடி வந்தால் திட்டாமல் கையைப் பிடித்துத் திரும்ப அழைத்துப் போய்ப் படுக்க வையுங்கள்.

தச்சுப்பட்டறை

அந்த நள்ளிரவு நடைக்குத்தான் சொல்றேன் சகோ, அவ கட்டில்ல இருந்து உங்க அறை வரைக்கும் தரை மட்டத்துல ஒரு சின்ன விளக்கு வைங்க. கதவுல விரல் மாட்டாம இருக்க ஸ்டாப்பர் போடுங்க. மெத்தை வர்றதுக்கு முன்னாடியே அலமாரியில கிளாம்ப் மாட்டி, நீங்களே பலமா இழுத்துப் பாருங்க. அசைஞ்சா எனக்கு இங்கயே எழுதுங்க.